தாழ்ந்த இரத்த அழுத்தம்: அதன் பொருளும் காரணமும்



தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய ஊர்களில், எழுந்தவுடன் தலை சுற்றினாலும் நடக்கையில் களைப்புற்றாலும், அதற்கு ஜனங்கள் இட்டு வழங்கும் பெயர் ‘லோ பிரஷர்’ என்பதே. உப்பிட்ட மோர் அருந்தி, ஒரு பாட்டில் குளுகோஸ் ஏற்றிக்கொண்டால் அது தீர்ந்துவிடும் என்பது பலருடைய எண்ணம். இவ்வெண்ணம் சிலருக்கு வீண் செலவையும், வேறு சிலருக்கு உயிர்ச்சேதத்தையும் விளைவிக்கும்.

இருதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரின்மீது உண்டாகும் அழுத்தம் மேல் எண். அது விரிந்து இளைப்பாறும்போது எஞ்சி நிற்பது கீழ் எண். கையில் கட்டி அளக்கும் காற்றுப்பட்டையை இத்தாலிய வைத்தியர் ரிவா-ரோச்சி 1896-லும், ஓசை கேட்டு இரு எண்களையும் அறியும் முறையை ருஷ்ய வைத்தியர் கொரட்காவ் 1905-லும் வெளியிட்டனர். மேல் எண் 90-க்கோ, கீழ் எண் 60-க்கோ குறைந்தால் தாழ்ந்த அழுத்தம் என்பது பொது வழக்கு. ஆயினும், யாதோர் உபாதையுமின்றி நடமாடும் இளம்பெண்ணுக்கு அவ்வெண் இயல்பாகவே அமைந்திருக்கலாம். அவளுக்கு மருந்து வேண்டுவதில்லை. தாழ்ந்த எண் தானே ஒரு நோயன்று. சுரமானி காய்ச்சலைக் காட்டுமேயன்றி, அதன் காரணத்தைக் காட்டாது; இதுவும் அத்தன்மையதே.

ஆகவே கேட்க வேண்டிய வினா, ‘ஏன் தாழ்ந்தது?’ என்பதாகும். சித்திரை, வைகாசி வெயிலில் கட்டட வேலை செய்வோருக்கு வியர்வையாலும், குழந்தைகளுக்குப் பேதியாலும் உடலின் நீர் வற்றும். இவர்களுக்கு, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து கரைத்துக் கொடுப்பது நலம். முதியவர்க்கு அழுத்தம் குறைக்கும் மாத்திரைகளே மிகுந்துபோயிருக்கலாம். பிரசவித்த பெண்ணுக்கு இரத்தப்போக்கும், டெங்கு கண்டவருக்கு இரத்தத்தின் நீர் குழாய்களினின்று கசிந்து வெளியேறுவதும் காரணமாகலாம். இவ்விரண்டிலும் தாமதம் ஆகாது. கை கால் சில்லிட்டு, நாடி விரைந்து, அறிவு மங்கினால் அக்கணமே ஆஸ்பத்திரி சேர்க்க வேண்டும்.

தாம்பரத்தார் சிறப்பாக அறிய வேண்டிய காரணம் மற்றொன்று உண்டு. டாக்டர் சவுரிமுத்து 1928-ல் இங்கு க்ஷயரோக சானடோரியத்தை நிறுவினார். 1937-ல் அரசாங்கம் அதனை ஏற்றது. அருகிலுள்ள இரயில் நிலையம் இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கின்றது. அந்த க்ஷயரோகம் நுரையீரலோடு நிற்பதன்று. சிறுநீரகங்களின் தலைமேல் அமைந்த அட்ரினல் என்னும் சிறு சுரப்பிகளையும் அது அரித்துவிடக் கூடும். உடலில் உப்பைக் காத்து அழுத்தத்தைத் தாங்கும் ஹார்மோன்கள் அப்போது குன்றும். இந்நிலையை ஆங்கில வைத்தியர் தாமஸ் அடிசன் 1855-ல் விவரித்தார்.

இந்நோய் மெல்ல வருவது. தீராத களைப்பு, உடல் மெலிவு, எழுந்தால் மயக்கம், குமட்டல், உப்பின்மீது அடங்காத ஆசை, உள்ளங்கை ரேகைகளும் ஈறும் கறுத்தல் ஆகியவை இதன் குறிகள். இவற்றையுடையவர் ‘லோ பிரஷர்’ என்று மோரோடு அமைந்துவிட்டால், ஒரு சாதாரணக் காய்ச்சலே அவர் உயிரைக் கொள்ளை கொள்ளலாம். இரத்தத்தைச் சோதித்து நோயை அறிந்தாலோ, குறைந்த ஹார்மோனை மாத்திரையாகக் கொடுக்கலாம்; க்ஷயத்திற்கும் மருந்து உண்டு. ஹார்மோன் மாத்திரையைப் பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். தாமே நிறுத்துதல் பேராபத்து.

சாதாரண மயக்கம் வந்தால், படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துக. படுக்கையினின்று எழுவோர் சிறிது அமர்ந்து பின் நிற்க. இருதய நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர் வைத்தியரைக் கேளாமல் உப்பை மிகுத்தல் கூடாது. மயக்கம் மீண்டும் மீண்டும் வருமாயின், எண்ணை மாத்திரம் கேட்டுத் திரும்பாது, காரணத்தையும் கேட்டறிந்து வருதலே அறிவுடைமையாகும்.