தீவகத்தின் குரலும் சட்டத்தில் ஏற வேண்டும்



யாழ்ப்பாணத் தீவகத்தில், ஊர்காவற்றுறையின் கரம்பொன்னில் 1913 இல் பிறந்தவர் தனிநாயகம் அடிகளார். 1679 இல் அச்சான தமிழ் – போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து, மறுபதிப்பாக உலகத்துக்குத் தந்தவர். 1980 இல் மறைந்தார். இலங்கைச் சட்டப்படி ஒரு நூலின் பதிப்புரிமை, ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் நிற்கும். அப்படியென்றால் அடிகளாரின் எழுத்துக்கு 2050 வரை பாதுகாப்பு உண்டு.

ஆனால் இன்று செயற்கை நுண்ணறிவை உருவாக்கும் நிறுவனங்கள், கோடிக்கணக்கான பக்கங்களை இயந்திரத்துக்குக் கொடுத்துப் பழக்குகின்றன. அந்தப் பக்கங்களை எழுதியவர்களிடம் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் படிக்கட்டும் என்று மனமுவந்து கொடுத்த எழுத்தாளர் பலர். பிள்ளை படிக்கக் கொடுத்த அனுமதி, ஒரு நிறுவனம் பணம் சம்பாதிக்கவும் செல்லுமா? இந்தக் கேள்விக்கு நமது சட்டத்தில் நேரான பதில் கிடையாது.

நமது சட்டம் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். செயற்கை நுண்ணறிவு பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 11 ஆம் பிரிவு நியாயமான பயன்பாட்டைச் சொல்கிறது. விமர்சனம், கற்பித்தல், ஆராய்ச்சி போன்றவற்றுக்கு அனுமதியின்றிப் பயன்படுத்தலாம். நோக்கம் வணிகமா, எவ்வளவு எடுத்தார்கள், ஆக்கியவரின் சந்தை பாதிக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில் இருப்பதும் ஏறக்குறைய இதுதான். ஆகவே அங்கே நடந்ததை நாம் கவனிக்க வேண்டும்.

ஆந்த்ரோபிக் என்ற நிறுவனத்தின்மேல் அமெரிக்காவில் எழுத்தாளர்கள் வழக்குப் போட்டார்கள். வாங்கிய நூல்களைக் கொண்டு இயந்திரத்தைப் பழக்கியது நியாயமான பயன்பாடு என்று 2025 இல் நீதிபதி சொன்னார். திருட்டுப் பிரதிகளை இறக்கிச் சேர்த்து வைத்ததை அவர் ஏற்கவில்லை. நிறுவனம் 150 கோடி டொலர் கொடுக்க உடன்பட்டது. ஒரு நூலுக்குச் சுமார் 3,000 டொலர். ஆனால் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்தில் பதிந்த நூலுக்குத்தான் அந்தப் பணம். நமது நாட்டில் எழுதி முடித்தாலே உரிமை வந்துவிடும், பதிவு தேவையில்லை. அதனால் பதிவு என்ற எண்ணமே நம்மவருக்கு வந்ததில்லை. யாழ்ப்பாணத்தில் அச்சான ஒரு கவிதை நூல் அந்தத் திருட்டுக் குவியலில் கிடந்திருந்தாலும், எழுதியவருக்கு ஒரு சதமும் கிடைத்திராது.

பிரித்தானியாவில் 2024 டிசம்பரில் அரசு மக்களிடம் கருத்துக் கேட்டது. மறுப்புத் தெரிவிக்காத ஆக்கங்களை நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பதே அரசு விரும்பிய வழி. கலைஞர்கள் சும்மா இருக்கவில்லை. 11,000க்கும் மேற்பட்ட பதில்கள் போயின. ஆயிரத்துக்கு மேற்பட்ட இசைக்கலைஞர்கள் சேர்ந்து, பாட்டே இல்லாத வெற்று ஒலியை ஓர் இசைத்தொகுப்பாக வெளியிட்டார்கள். அரசு நினைத்த வேகத்தில் போக முடியவில்லை.

இந்தியாவில் 2025 டிசம்பரில் ஓர் அரசுக் குழு வேறு யோசனை சொன்னது. நிறுவனங்கள் ஆக்கங்களைக் கேளாமலே பயன்படுத்தலாம், ஆனால் வருமானத்தில் பங்கு கொடுக்க வேண்டும். ஆக்கியவர் மறுக்க முடியாது. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை எழுதியவரிடம் இருக்க வேண்டும். ஆனாலும் இப்படியோர் ஏற்பாடு இங்கே வந்தால் பங்கு யாரைச் சேரும்? எந்தப் பாட்டை யார் ஆக்கினார், எப்போது ஆக்கினார் என்று எழுத்தில் வைத்திருப்பவரையே சேரும்.

இந்த இடத்தில்தான் தீவகத்தை நினைத்துக் கவலைப்படுகிறேன். நம்முடைய கூத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வாயால் சொல்லிக்கொடுத்து, பாடுபவர் கொப்பியில் எழுதி, விடியவிடிய ஆடிய கலை. 1990களின் இடப்பெயர்வில் வீடுகளோடு கொப்பிகளும் போயின. மிஞ்சியதை இளைஞர்கள் கைத்தொலைபேசியில் பதிந்து இணையத்தில் ஏற்றுகிறார்கள். நல்ல வேலை. ஆனால் பல பதிவுகளில் அண்ணாவியாரின் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆண்டு இல்லை. பெயரில்லாத பதிவுக்கு யார் போய் உரிமை கேட்பது?

ஆனாலும் ஒரு வழி இருக்கிறது. அதே 2003 சட்டத்தின் 24 ஆம் பிரிவு நாட்டார் பாடல்களையும் நாட்டார் நாடகங்களையும் பாதுகாக்கிறது. மரபுச் சூழலுக்கு வெளியே அல்லது வணிகத்துக்காக அவற்றை எடுப்பவர், அமைச்சர் குறிக்கும் அதிகார சபையிடம் அனுமதி பெற்றுக் கட்டணம் செலுத்த வேண்டும். அந்தப் பணம் கலாசார வளர்ச்சிக்குப் போக வேண்டும். வணிகத்துக்காகக் கூத்துப் பாடலைக் கொண்டு இயந்திரத்தைப் பழக்குவதும் இந்தப் பிரிவுக்குள் வரும் என்று தெளிவாக எழுதச் சொல்லிக் கேட்கலாம். அந்த முடிவை எடுக்கும் இடத்தில் ஆடுகிறவர்களும் இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். வேறு பல நாடுகளில் இல்லாத ஒரு பிடி இது. கைவிடக் கூடாது.

தமிழை இயந்திரம் கற்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நெடுந்தீவில் கண்பார்வை குறைந்த ஒரு முதியவருக்குப் பத்திரிகையை நல்ல தமிழில் வாசித்துக் காட்டும் கருவி வரட்டும். ஆனால் கேட்டு எடுக்கட்டும். 2024 இல் வந்த ‘லால் சலாம்’ படத்துக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் ஏ. ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவால் மீட்டார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றதாகவும் ஊதியம் கொடுத்ததாகவும் சொன்னார். பெரிய இசையமைப்பாளரே கேட்டுத்தான் எடுத்தார் என்றால், எந்த நிறுவனமும் கேட்டே ஆக வேண்டும்.

2024 இல் இலங்கையின் தேசியச் செயற்கை நுண்ணறிவு உத்தி வரைவாக வந்தபோது பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். இப்படியான அழைப்புகள் இனியும் வரும். அவை கொழும்பில் ஆங்கிலம் தெரிந்த சிலரோடு முடிந்துவிட விடக்கூடாது. அரசுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பே நமக்கு உரிமை தந்திருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தும் யோசனை ஏதும் இருக்கிறதா என்று, 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்திடம் கேட்கலாம். தெற்கில் பாடகர்களும் பாடலாசிரியர்களும் ஆக்க உரிமைக்காக ஏற்கெனவே அமைப்பாகப் பேசி வருகிறார்கள். அவர்களோடு சேர்ந்து எழுதினால் கடிதத்துக்கு வலிமை கூடும்.

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவுக் கலைஞர்களே, எழுத்தாளர்களே, உங்கள் மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஊரில் ஆடிய கூத்துகள், ஆக்கிய அண்ணாவிமார், பாடியவர்கள், ஆண்டு எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். உங்கள் கோரிக்கையை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டு, பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தரிடம் ஒரு பிரதி கொடுங்கள். மற்றப் பிரதியைக் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இந்த மாதமே அனுப்புங்கள்.