காக்கையும் களாப்பழமும்



ஆங்கிலம் பேசுவோர் ஒன்றன் மிகுதியைக் காட்ட ஒப்புமையை எவ்வாறு ஆளுகின்றனர் என்பதுபற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். தமிழ் மேடையில் ஆங்கில ஆராய்ச்சி எதற்கு என்பீர்கள். காரணம் என் பேத்தி. திருவனந்தபுரத்திலேயே பிறந்தவள், பள்ளியில் ஆங்கிலமும் மலையாளமும், வீட்டில் என்னிடம் தமிழும் கற்பவள். அண்மையில் அவள் எழுதிய கட்டுரையில் இரண்டு வாக்கியங்கள் கண்டேன். "தாத்தா பனியைப் போல் வெண்மையான வேட்டி உடுத்தியிருந்தார்." "ஊரிலுள்ள வீடு எங்கள் வீட்டைவிட அதிகம் பெரியது." சொல் யாவும் தமிழே. ஆயினும் நெல்லைச் சீமையில் எவரும் இவ்வாறு பேசக் கேட்டதில்லை. நம் பனி புல் நுனியில் நிற்கும் நீர்த்துளியன்றோ? அதற்கு நிறம் ஏது?

ஆங்கிலேயர் பரபரப்பில்லாத மனிதனை வெள்ளரிக்காய் போல் குளிர்ந்தவன் என்பர். வறியவனைத் தேவாலயத்து எலியைப் போல் ஏழை என்பர். அங்கே அடுக்களை இல்லை, எலிக்கு உணவேது? கதவில் அறைந்த ஆணியைப் போல் செத்தவன் என்றும் கூறுவர். இவ்வாணி என்று உயிரோடிருந்தது என்று நாம் வினவலாகாது! வடிவில் இவை சமன்பாடு, பொருளிலோ உச்சநிலை. எலியும் மனிதனும் ஒரே அளவு ஏழைகள் என்பதன்று கருத்து. இதற்குமேல் வறுமை இல்லை என்பதே. உவமை உயர்ந்ததன்மேல் அமைதல் வேண்டும் என்று தொல்காப்பியர் உவமவியலில் விதித்ததும் இங்கு நினைக்கத்தக்கது.

இனி, ஆங்கிலத்தில் 'போல்' என்பதற்கு ஒரு வாய்பாடு, 'விட' என்பதற்கு வேறொன்று. உரிச்சொல்லும் ஈறு மாறும், அல்லது 'மோர்' என்ற துணைச்சொல் பெறும். தமிழில் உரிச்சொல் அசையாது நிற்கும். இதனைக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் 1856-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். நம் உரையாசிரியர்கள் ஐந்தாம் வேற்றுமைக்குக் காட்டும் காக்கையும் களாப்பழமும் அறிவீர்கள். அவ்வொரே தொடருக்குக் காக்கையைப் போலக் களாப்பழம் கரியது என்றும் பொருள். காக்கையினும் மிகக் கரியது என்றும் பொருள். முன்னது உவமப்பொரு, பின்னது உறழ்பொரு என்று பிரித்தனர். ஆங்கிலம் இரண்டு வாய்பாட்டால் செய்வதை நம் ஓர் உருபு செய்தது.

பிற்காலத்தில் காட்டிலும், பார்க்கிலும், விட என்பன வந்தன. ஒன்றைக் காட்டி, பார்த்து, விட்டுவிட்டு மற்றதைச் சொல்லுகிறோம். மலையாள அன்பர்களும் 'அதினேக்காள் வலுது' என்பர், 'வலுது' மாறுவதில்லை. ஆதலின் 'அதைவிடப் பெரிது' என்றாலே நிறைவு. பேத்தியின் 'அதிகம்' ஆங்கில 'மோர்' இட்டுச் சென்ற மூட்டை. ஒப்புமையே இன்றியும் கன்னங்கரேல், செக்கச்செவேல், வெள்ளைவெளேர் என்று மிகுதி காட்டும் மொழி நமது.

ஆங்கிலத்தினின்று எடுத்தல் தவறென்று கூறேன். இந்நகரில் தத்துவப் பேராசிரியராய் விளங்கிய சுந்தரம் பிள்ளை அவர்கள், லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையொன்றைக் கொண்டே 1891-இல் மனோன்மணீயம் தந்தார். ஆனால் அங்கே உலவுவோர் பாண்டியனும் சேரனும்.

கட்டுரைக்கு வருவோம். "நீ கண்டவற்றுள் மிக வெளுத்தது எது, அம்மா?" என்று வினவினேன். சற்றுநேரம் எண்ணினாள். ஓணத்தன்று அடுத்த வீட்டு முற்றத்துப் பூக்களத்திற்குத் தான் பறித்துக் கொடுத்த பூ நினைவுக்கு வந்தது. "தும்ப!" என்றாள், மலையாளத்தில். "எங்கள் ஊரிலும் வேட்டிக்கு அதையே சொல்வோம், தும்பைப்பூ" என்றேன். பனியை அவளே அடித்துத் திருத்தினாள். 'அதிகம்' என்பதை மட்டும் நான் அடித்தேன்.