தெரிவும் நியாயமும்



இரண்டு வழிகளுள் ஒன்றைத் தெரிவு செய்து, அதற்குரிய நியாயத்தை ஆங்கிலத்தில் எழுதித் தருமாறு கந்தோரில் முகாமையாளர் பணிக்கிறார். நன்கு கற்ற இளைஞரும் இவ்விடத்தில் இடர்ப்படுவதுண்டு. தமிழ் வாக்கியத்திலே காரணம் முன்னே நடக்கும். முடிவு வினைமுற்றோடு இறுதியில் வரும். ஆங்கில வர்த்தகக் கடிதமோ முடிவை முதலிற் கேட்கும். 'பிக்கோஸ்' என்ற சொல்லோடு காரணத்தைப் பின்னர் எதிர்பார்க்கும்.

ஓர் உதாரணம் கொள்வோம். கொழும்பிலிருந்து இலண்டனுக்குத் தேயிலை அனுப்பும் வர்த்தகர் ஒருவர், எவ். ஓ. பி. விலை கூறுவதா, சி. ஐ. எவ். விலை கூறுவதா என ஆலோசிக்கிறார். முன்னையதிற் கப்பற் கூலியும் காப்புறுதியும் வாங்குபவர் பாடு. பின்னையதில் அவ்விரண்டையும் விற்பவரே செலுத்துவார். சரக்குக் கப்பலேறியதும் சேதத்தின் பொறுப்பு வாங்குபவரைச் சேர்வது இரண்டிற்கும் பொது.

'எவ். ஓ. பி. மிக நல்லது' என்றெழுதினால் அது நியாயமாகாது. எந்த வகையில் நல்லது என்ற அளவுகோல் வேண்டும். 'எவ். ஓ. பி. முறையைச் சிபாரிசு செய்கிறேன். ஏனெனில், விலை கூறியபின் கப்பற் கூலி உயர்ந்தால் நட்டம் எம்மைச் சாராது' என்று எழுதுக. 2021ஆம் ஆண்டிற் பல கடல் வழிகளிலே கூலி பன்மடங்கு உயர்ந்ததைச் சான்றாகக் காட்டுக. 'கப்பலைத் தெரிவு செய்யும் உரிமை வாங்குபவரிடம் போய்விடும்' என்ற குறையையும் மறையாது கூறுக. குறையை மறைத்த சிபாரிசு முதற் கேள்வியிலேயே சாய்ந்துவிடும்.

சொற்களிலும் கவனம் வேண்டும். இரண்டை ஒப்பிடுமிடத்து 'பெஸ்ட்' என்பதிலும் 'பெற்றர்' என்பதே பொருந்தும். ஒரு பொருளினும் மற்றொன்றை விரும்புவதைக் கூறும் 'பிரிஃபர்' என்ற வினையோடு 'டு' என்னும் சொல் சேரும். 'இன் வியூ ஒஃப் த ஃபக்ட் தற்' என நீட்டுவானேன்? 'பிக்கோஸ்' போதும். பிரித்தானியத் திறைசேரியின் வேண்டுகோளின்படி சேர் ஏர்ணஸ்ட் கவர்ஸ் எழுதி, 1948இல் வெளிவந்த 'பிளெயின் வேட்ஸ்' என்ற நூல் அரசாங்க உத்தியோகத்தருக்கு வற்புறுத்தியதும் இத்தகைய எளிமையையே.

பிறர் பணத்தை எவ்வழியிற் செலவிடலாம் என்று ஆலோசனை கூறுவது பெரும் பொறுப்பு. காரணத்தை வெளிப்படையாக எழுதிவைத்தால், முடிவு பிழைத்தபோதும் எந்த இடத்திற் பிழைத்தது எனக் கண்டு திருத்தலாம். வெறும் புகழ்ச்சொல் அதற்கு உதவாது.