கில் சான்ஸின் மெல்லிய சாய்வு

ஆங்கில அச்செழுத்துகளில் கில் சான்ஸ் என்று ஒரு குடும்பம் உண்டு. மோனோடைப் நிறுவனம் 1928இல் இங்கிலாந்தில் வெளியிட்டது. பெங்குவின் பதிப்பகம் 1935இல் தொடங்கியபோது அட்டைகளில் இருந்தது இதுதான். 1997 முதல் 2021 வரை பி.பி.சி.யின் சின்னத்தில் இருந்த மூன்று எழுத்துகளும் இதுவே. அவையெல்லாம் நிமிர்ந்து நிற்பவை. நான் பேசப்போவது அந்தக் குடும்பத்தின் ஒல்லியான, சற்றே சாய்ந்த பிள்ளையைப் பற்றி: கில் சான்ஸ் லைட் இட்டாலிக்.

கோடுகளின் முனையில் கொக்கியோ பாதமோ இல்லாத மொட்டை எழுத்து இது. வரைந்தவர் எரிக் கில், கல்லில் எழுத்து வெட்டிய சிற்பி. அவருக்கு எழுத்துக்கலை கற்பித்த எட்வர்ட் ஜான்ஸ்டன், 1916இல் லண்டன் சுரங்க ரயிலுக்கு இதே போன்ற எழுத்து வரைந்து கொடுத்தார். அதற்குச் சாய்வெழுத்து மட்டும் வரையவில்லை. ஆக, சாய்வுக்கு வந்தபோது சீடர் பார்த்து நடக்கக் குருவின் தடம் இல்லை.

சாய்ப்பதில் என்ன கஷ்டம், கணினியில் பொத்தானை அழுத்தினால் போதாதா? ஆங்கில ‘ஓ’வை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கனத்தில் ஒரு வட்டம். அதை அப்படியே வலப்புறம் தள்ளிச் சாய்த்தால் வலது மேல் ஓரமும் இடது கீழ் ஓரமும் தடித்துவிடும். எதிர் ஓரங்கள் இரண்டும் மெலிந்துவிடும். கோடே நூல்போல இருக்கையில், மெலிந்த இடம் அச்சில் அறுந்தே போகலாம்.

ஃபியூச்சரா, ஹெல்வெட்டிக்கா போன்ற பேர்போன எழுத்துகளின் சாய்வு, நிமிர்ந்ததைச் சாய்த்துச் சீர்செய்ததுதான். கில் அந்த வழியில் போகவில்லை. 1501இல் வெனிஸில் ஆல்டஸ் மனுஷியஸ் கையடக்கப் புத்தகங்களுக்காக அச்சுக்குக் கொண்டுவந்த சாய்வெழுத்து, பேனாவின் வேகத்தில் பிறந்தது. அந்தப் பேனாவைத் தன் மொட்டை எழுத்துக்குள் கில் கொஞ்சமாக விட்டுவைத்தார். நிமிர்ந்த சிறிய ‘ஏ’வுக்கு மேலே ஒரு கூரை இருக்கும்; சாய்வில் கூரை போய், நாம் கையால் எழுதும் ‘ஏ’ வந்துவிடுகிறது. பேப்பர் என்ற சொல்லின் முதலெழுத்தான ‘பி’யில், வயிற்றின் வளைவு தண்டோடு நிற்காமல் அதைத் தாண்டி இடப்பக்கம் துளி எட்டிப்பார்க்கும். அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் அலங்காரமாகிவிடும். என்னைக் கேட்டால், இந்த எழுத்தின் நளினமெல்லாம் அந்தத் துளியில்தான்.

அழைப்பிதழ், படத்துக்கு அடியில் வரும் குறிப்பு, கவிதை நூலின் தலைப்புப் பக்கம் என்று சுற்றிலும் வெற்றிடம் தாராளமாக உள்ள இடத்தில் இது சோபிக்கும். பக்கம் பக்கமாகப் படிக்க ஆகாது. கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக, அதுவும் பொடியாகப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வரும். மை பரவிக் கோட்டை விழுங்கிவிடும். ஈய அச்சில் அதே மைப்பரவல் இந்த எழுத்துக்குச் சற்றுச் சதை போட்டது. இன்றைய ஆஃப்செட்டில் அந்தச் சலுகை குறைவு; அளவை ஒரு படி கூட்டி வைப்பது நல்லது.

கில்லைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. பெற்ற மகள்களையே பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியவர் அவர். ஃபியோனா மெக்கார்த்தி 1989இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு அதை வெளிக்கொணர்ந்தது. பி.பி.சி. தலைமையகத்தின் முகப்பில் அவர் செதுக்கிய சிற்பத்தை 2022இல் ஒருவர் சுத்தியலால் அடித்தார். இந்த எழுத்தை இனித் தொடுவதில்லை என்று சொல்பவர்களிடம் நான் வாதாட மாட்டேன். அவர்களுக்கு மார்ட்டின் மயோரின் ஸ்கலா சான்ஸ் இருக்கிறது. அதன் சாய்விலும் பேனா நடக்கிறது.