நெய்வேலி வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"நெய்வேலியில ஏதுப்பா நட்சத்திரம்? அதுக்குக் காவலூர் போகணும்" என்பார்கள். பாதி நியாயம். ஜவ்வாது மலைக் காவலூரை வைணு பாப்பு 1960களில் தேர்ந்தெடுத்ததே அங்கிருந்த இருட்டுக்காகத்தான். 1988 பிப்ரவரியில் அங்கே ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு ராமானுஜன் பெயரை வைத்தார்கள். ஒரே இடத்தை விட்டுவிட்டுப் படம் பிடித்தால் நட்சத்திரங்கள் அப்படியே இருக்கும், சிறுகோள் மட்டும் நகர்ந்திருக்கும். செயற்கைக்கோளைப் பிடிப்பதும் இதே சங்கதிதான். என்ன, இது நகர்வது வெறும் கண்ணுக்கே தெரியும்.

பன்னாட்டு விண்வெளி நிலையத்தை எடுத்துக்கொள்வோம். சுமார் 400 கி.மீ. உயரம், 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று. நமக்கு இருட்டிய பிறகும் அதன்மேல் வெயில் படுவதால் மின்னுகிறது. அதனால்தான் அந்தி முடிந்த பிறகும், விடியலுக்கு முன்னும்தான் நன்றாகத் தெரியும். நடுவானில் திடீரென்று மங்கி மறைந்தால் மேகம் என்று நினைக்காதீர்கள். பூமியின் நிழலுக்குள் போய்விட்டது.

தலைக்கு மேலே அது விநாடிக்கு ஒரு பாகை ஓடும். ஷட்டரை 10 விநாடி திறந்து வைத்தால், கையை நீட்டிப் பிடித்த முஷ்டி அகலத்துக்கு ஒரு கோடு விழும். "அப்போ 2 நிமிஷம் திறந்தா இன்னும் பளிச்சுன்னு வருமா அண்ணே?" என்று ஒரு தம்பி கேட்டான். வராது! கோடு நீளும், பளிச்சிடாது. ஓடுகிற பொருள் படத்தின் ஒரு புள்ளியில் நிற்பது கண நேரம்தான். ஆனால் சுரங்கத்து விளக்கொளி அசையாமல் நின்று, திறந்திருக்கும் நேரமெல்லாம் சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் வானம் வெளுத்துக் கோடு காணாமல் போகும். ஆகவே நம் ஊருக்கு 5 விநாடிப் படங்களாகத் தொடர்ந்து எடுத்துக் கணினியில் ஒட்டுவதே சரி. லென்ஸ் துவாரத்தை முழுக்கத் திறங்கள். முக்காலி கட்டாயம். வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நில்லுங்கள்.

சுரங்கம் இரவிலும் ஓடுகிறது, அங்கே வெளிச்சம் வேண்டும்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன். என் கவலை நம் மைதானம். அங்கே உயர்கோபுர விளக்கு போடலாம் என்று சங்கத்தில் பேச்சு நடக்கிறது. போடுங்கள், மாலையில் பஸ்ஸுக்கு நடக்கும் பெண்பிள்ளைகளுக்கு அது தேவை. ஆனால் ஒளி மேலே சிதறாதபடி மூடி போட்ட விளக்காக இருக்கட்டும். ஒன்பது மணிக்கு மேல் அணைக்க ஒரு டைமர் வையுங்கள். துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்திலிருந்து பதினொன்றரை பாகை உயரத்தில்தான் நிற்கிறது. வடக்கே ஒரு விளக்கு தலை நிமிர்த்தினாலே அது போச்சு. டைமருக்கான செலவை எங்கள் செட் ஏற்கும், செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.