முடக்குவாதமும் முன்னேறும் மருத்துவமும்



'வாதம்' என்பது நம் வீடுகளில் நன்கு பழகிய சொல். பாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் வாதம் என்கிறோம். மழைக்காலத்தில் முழங்கால் வலித்தால் வாயு என்கிறோம். சித்த மருத்துவ நூல்களோ வாத நோய்களை எண்பது வகையாகப் பிரித்துக் கூறின. நாம் அவ்வளவையும் ஒன்றாக்கி, முதுமையின் தலையில் சுமத்தி, தைலம் தடவிப் பொறுத்திருக்கிறோம். அந்தப் பொறுமையே சிலருக்குப் பெருங்கேடாக முடிகிறது. அஃது எவ்வாறு என்பதைக் கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த பாடம். ஆதலின் ஊர்க்காவலன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். கள்வனைப் பிடிக்கவேண்டியவன் வீட்டுக்காரனையே கள்வனென்று கருதி அடித்தால் என்ன ஆகும்? நம் உடலில் காவல் புரிவது நோய் எதிர்ப்பாற்றல். அது மூட்டின் உட்சவ்வைப் பகையென்று கொண்டு தாக்குவதே முடக்குவாதம். சவ்வு வீங்குகிறது; குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுகின்றன; நாளடைவில் விரல்கள் கோணுகின்றன. முதுமையில் மூட்டுத் தேய்வது வேறு, இது வேறு. இருபது, முப்பது வயதிலும் இது வரும். ஆடவரைவிட மகளிர்க்கே மிகுதியாக வரும்.

பகைவர் எவரும் வராதபோதே அபாயச் சங்கு தானாக ஊதிக்கொண்டிருப்பது இன்னொரு வகை. கிருமி எதுவுமின்றி, பிறவியில் அமைந்த மரபணுக் கோளாற்றால், காய்ச்சலும் மூட்டு வீக்கமும் திரும்பத் திரும்பத் தோன்றும் அரிய நோய்கள் சில உண்டு. 1999-இல் அமெரிக்க ஆய்வாளர் டேனியல் காஸ்ட்னரும் அவருடைய குழுவினரும் இவற்றைத் 'தன்னழற்சி நோய்கள்' என்னும் பொருளில் தனிப்பெயரிட்டு அழைத்தனர். இவற்றுள் பலவற்றில் சங்கை ஊதச் செய்வது இன்டர்லூக்கின்-1 என்னும் புரதம் என்று கண்டனர். அதனைத் தடுக்கும் மருந்துகளும் இன்று உள்ளன.

இனி மருத்துவம் வளர்ந்த கதைக்கு வருவோம். 1948-இல் அமெரிக்காவில் பிலிப் ஹெஞ்ச் என்பவர், முடக்குவாதத்தால் நடக்க இயலாதிருந்த பெண்மணி ஒருவருக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹெஞ்சும் வேறு இருவரும் நோபல் பரிசு பெற்றனர். ஆயினும், நெடுங்காலம் மிகுதியாகக் கொடுத்தால் அம்மருந்து எலும்பை நலிவிக்கும், நீரிழிவை வருவிக்கும் என்பதும் விரைவில் வெளிப்பட்டது.

நிலைத்த பயன் தந்த மருந்துக்கும் நம் சென்னைக்கும் தொடர்பு உண்டு. பீமவரத்தில் 1895-இல் பிறந்த எல்லாப்பிரகடா சுப்பாராவ், சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, மூன்றாம் முயற்சியில் மெட்ரிகுலேஷன் தேறியவர். தேர்வில் தவறியவர்கள் இதனைக் குறித்துக்கொள்க! சென்னை மருத்துவக் கல்லூரியில் கற்று, 1923-இல் அவர் அமெரிக்கா சென்றார். அங்கே லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழு, ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமினைச் செயற்கையாக ஆக்கியது; பின்னர் அவ்வைட்டமினின் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் ஆக்கியது. அவற்றுள் ஒன்று மெத்தோட்ரெக்சேட். புற்றுநோய்க்கென வழங்கிய அம்மருந்து, மிகக் குறைந்த அளவில், வாரம் ஒருமுறை மட்டும் கொடுத்தால் முடக்குவாதத்தை அடக்கும் என்று பின்னாளில் தெளிவாயிற்று. 1988-இல் அமெரிக்க அரசு அதற்கு இசைவளித்தது. உலகெங்கும் முடக்குவாதத்திற்கு முதலில் எடுத்தாளும் மருந்து இன்று அதுவே; விலையும் குறைவு. சுப்பாராவ் 1948-இலேயே மறைந்துவிட்டார். தம் உழைப்பு இத்தனை கைகளை நிமிர்த்தும் என்பதை அவர் அறியார்.

அடுத்த படியிலும் இந்தியர் ஒருவர் உண்டு. லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும், டி.என்.எஃப். என்னும் புரதமே மூட்டழற்சியைத் தூண்டி நடத்துவது என்று கண்டு, 1992-இல் இலண்டனில் அதனைத் தடுக்கும் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்து வெற்றி பெற்றனர். காவலனைக் கொல்லாமல், அவனுக்குத் தவறான ஆணை கொண்டுசெல்லும் தூதனை மட்டும் தடுக்கும் முறை இது. ஆயினும் காவல் சற்றுத் தளர்வதால், உடலில் உறங்கும் காசநோய் விழித்துக்கொள்ளக்கூடும். அதனால்தான் முன்னதாகவே காசநோய்ச் சோதனை செய்கின்றனர்.

மாணவர்களே, உங்கள் வயதினரைத் தேடிவரும் நோயொன்றும் உண்டு. ஐந்து முதல் பதினைந்து வயதுவரை உள்ளவர்க்கு, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைப்புண் வந்து, இரண்டு மூன்று வாரங்கள் கழித்துக் காய்ச்சலும் மூட்டுவலியும் தோன்றலாம். வலி ஒரு மூட்டைவிட்டு மற்றொன்றுக்குத் தாவும். பிறகு தானே மறையும். வீட்டார் மகிழ்வர். ஆனால் அதற்குள் காவலன் இதய வால்வைத் தாக்கியிருப்பான்! இதுவே வாதக் காய்ச்சல். தொண்டைப்புண் வந்தபோதே பென்சிலின் கொடுத்தால் இதனைத் தடுக்கலாம். ஒருமுறை வந்தவர்க்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பல்லாண்டு தேவை. ஓட இயலாமல் மூச்சு வாங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று கூறுமுன் ஆசிரியர்கள் இதனை நினைக்கவேண்டும்.

இத்தனை மருந்துகளும் ஒன்றை மட்டும் செய்யமாட்டா. அரித்துப்போன எலும்பையும் தழும்பேறிய வால்வையும் அவை பழையபடி ஆக்கித் தாரா. ஆகவே காலமே இங்குத் தலையாய மருந்து. காலையில் விரல்கள் அரைமணி நேரத்துக்குமேல் விறைத்திருந்தால், இரு கைகளிலும் சிறு மூட்டுகள் வீங்கி ஆறு வாரமாகியும் வடியாதிருந்தால், தைலத்தோடு நின்றுவிடாதீர்கள்.

நான் வாழும் சாரத்திலிருந்து கோரிமேடு நெடுந்தொலைவன்று. பிரெஞ்சு ஆட்சியில் 1823-இல் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்து, 1964-இல் ஜவாஹர்லால் பெயர் பூண்ட ஜிப்மர் அங்கே உள்ளது. இத்தகைய நோய்களுக்கென நோயெதிர்ப்பியல் துறையொன்றும் அங்குத் தனியே இயங்குகிறது. மருத்துவம் நம் வாயிலருகே வந்துவிட்டது. உங்கள் வீட்டில் அன்னையோ அத்தையோ காலையில் தம்ளரைப் பிடிக்க இயலாமல் இரு கையாலும் ஏந்தினால், வயதாகிவிட்டது என்று வாளாவிராதீர்கள். இந்த மாதமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.