சீட்டுப் பெற்ற கொள்ளை

அக்காலத்தில் கடலில் கொள்ளையடிப்பவன் அகப்பட்டால் அவனுக்குத் தூக்குத்தான் கிடைத்தது. அதையே யுத்த காலத்தில் ஒரு சர்க்காரின் உத்தரவுச் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு செய்தால் அவனுக்குத் தேசபக்தன் என்று பெயர் கிடைத்தது!

இங்கிலாந்தை எதிர்த்து அமெரிக்கர் சுதந்திர யுத்தம் நடத்திய காலத்தில், எதிரியின் கப்பல்களைப் பிடிக்க இத்தகைய சீட்டுப் பெற்ற தனியார் கப்பல்கள் ஏராளம். அவற்றில் சில ஒன்றுகூடி, 1782 ஜூலை 1-ந் தேதி, இன்றைய கனடாவிலுள்ள நோவா ஸ்கோஷியாக் கரையில், லூனன்பர்க் என்னும் சிற்றூருக்கருகே ஏறக்குறைய 90 பேரை இறக்கின. அவ்வூரார் யார்? 1753-ல் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட ஜெர்மானியர் முதலிய குடியானவர்களும் அவர்கள் பிள்ளைகளுமே. வீடும் கடையும் சூறையாடப்பட்டன. எதிர்த்து நின்ற கர்னல் கிரெய்ட்டன் கைதியானார். அதுவும் போதாதென்று, ஊரைக் கொளுத்தாதிருக்க 1000 பவுனுக்குக் கடன் சீட்டும் எழுதி வாங்கினார்கள். (நம்மூர் லேவாதேவிக்காரர் பிச்சை வாங்க வேண்டும்!)

1856-ல் பாரிசில் ஐரோப்பிய வல்லரசுகள் கூடி இவ்வழக்கத்தை ஒழித்தன. அந்த உடன்படிக்கையில் அமெரிக்கா கையெழுத்துப் போடவில்லை.